படத்தின் பின்புறம்

நிழற்படம் தனித்திருந்து பார்ப்பதற்கென ஏற்பட்ட பொருள் அன்று. புத்தகத்தை ஒருவர் தனியே வாசிக்கலாம்; கடிதத்தை ஒளித்து வைத்தும் வாசிக்கலாம். ஆயின் அல்பம் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு ஒருவர் அமர்ந்தால், அவரைச் சுற்றி வீட்டார் வந்து கூடுவதற்கு அதிக நேரம் செல்லாது. அடுப்படியில் நிற்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். பாய் ஒன்று விரிக்கப்படும். அதன்பின் பார்வை பாதி, பேச்சுப் பாதி. நம்மவர் இல்லங்களில் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் தொடங்கும்: "இது ஆர்?"

இக்கேள்விக்கு வெறும் பெயரைச் சொல்லிவிட்டு ஓய்ந்தவரை நாம் கண்டதில்லை. "அப்புவின்ரை பெரியதாயின்ரை பேத்தி, சங்கானையிலை முடிச்சவ, அவவின்ரை தமையன்தான் அந்தக் கிணறு வெட்டேக்கை விழுந்து காலை முறிச்சவர்" என்று விடை நீளும். சங்கானை, கிணறு, முறிந்த கால் எல்லாம் அந்தப் படத்தில் இரா. எனினும் அவை யாவும் படத்தைச் சேர்ந்தவையே. உறவுமுறை என்னும் பெருங்காட்டிலே பாதை கண்டுபிடிக்க எமக்குக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடம் அன்று. பாயில் இருந்து அல்பம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தாம்.

பிலிம் சுருளில் எடுத்த படங்களைப் பற்றியே இங்கு பேசுகின்றோம். இன்று ஒரு திருமண வீட்டிலே கைத்தொலைபேசிகள் பிடிக்கும் படங்களை எண்ணி முடிக்க ஒருவராலும் இயலாது. அக்காலத்திலோ பெட்டிக் கமராவில் ஒரு சுருளுக்கு 8 படங்கள். சதுரப் படம் பிடிக்கும் கமராவாயின் 12. பின்னர் பரவலாக வந்த சிறிய பிலிமில் 36. இந்தக் கணக்கு வீட்டார் அனைவருக்கும் தெரியும். "இன்னும் மூன்று கிடக்குது" என்றால் அந்த மூன்றையும் எதற்குச் செலவிடுவது என்று ஓர் ஆலோசனைச் சபை கூடும். தைப்பொங்கலுக்கு வாங்கிய சுருள் நல்லூர்த் தேர் வரையும் கமராவுக்குள் கிடந்ததுண்டு. ஆகையால் ஒரே சுருளிலே பொங்கற் பானையும், பரிசளிப்பு விழாவும், புதிதாகப் பிறந்த கன்றும் அடுத்தடுத்து நின்றன.

1888ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்கு விட்ட முதலாவது கொடக் கமராவில் 100 படங்கள் எடுக்கலாமாம். எடுத்து முடிந்ததும் கமராவையே அமெரிக்காவில் உள்ள றொச்செஸ்ரர் நகருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே படங்களைக் கழுவி, புதிய சுருளை ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். 1900ஆம் ஆண்டிலே அதே நிறுவனம் பிரௌனி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றது. படம் பிடிப்பது செல்வரின் பொழுதுபோக்கு என்ற நிலை அன்று தளரத் தொடங்கியது. அந்த வம்சத்துப் பெட்டி ஒன்று எமது தாயாரின் தாய்மாமனிடமும் வந்து சேர்ந்தது. அதுபற்றிப் பின்னர் கூறுவோம்.

கழுவிய படம் கையில் வந்ததும் அடுத்த அலுவல், யார் யாருக்குப் பிரதி அனுப்புவது என்பது. மலாயாவிலே இரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றிய உறவினர் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அன்று குறைவு. கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகம் பார்த்தோர் வேறு. அவர்களுக்குக் கடிதத்துடன் படமும் போகும். படத்தின் முன்புறம் எல்லோருக்கும் ஒன்றே. பின்புறம் ஒவ்வொருவருக்கும் வேறு. "தங்கள் ஆசியை நாடும்" என்று ஒன்றிலே. "மறவாதிருக்க" என்று இன்னொன்றிலே. கூட்டப்படமாயின் மையினால் ஒரு தலைக்கு மேலே சிறு புள்ளடி இட்டு, "புள்ளடி இட்டிருப்பவர்தான் மாப்பிள்ளை" என்ற விளக்கமும் இருக்கும். அந்தப் புள்ளடி வானத்தில் மிதக்கும் சிலுவைபோல எமக்குச் சிறுவயதிலே தோன்றியதுண்டு.

சம்பந்தம் பேசுவதற்கென அனுப்பும் படம் தனி வகை. ஸ்ரூடியோவிலே பூந்தோட்டம் தீட்டிய திரை, ஒரு பொய்த்தூண், முக்காலியின்மேல் பூச்சாடி. பெண்ணின் ஒரு கை தூணின்மேல் இருக்கும். நெகற்றிவிலே கூர்மையான பென்சிலால் தடவி அம்மைத் தழும்புகளை மறைத்துக் கொடுக்கும் வித்தையும் ஸ்ரூடியோக்காரருக்குத் தெரியும். படத்தை நம்பிச் சென்று பெண்ணை நேரிற் கண்டு திகைத்தவர்களின் கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. மாப்பிள்ளைமாரின் படங்களிலும் இந்த வித்தை நடந்தது என்பதை அக்கதைகள் ஏனோ கூறுவதில்லை.

இழவு வீட்டிலே எடுக்கும் படம் வேறொரு வகை. பிரேதத்தைச் சூழ்ந்து மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நிற்க, ஸ்ரூடியோக்காரர் முற்றத்தில் முக்காலியை ஊன்றி அந்தப் படத்தைப் பிடிப்பார். அப்படங்கள் வரும் பக்கத்தைக் கண்களை மூடிக்கொண்டு புரட்டிய பிள்ளைகளில் நாமும் ஒருவர். பிறநாட்டார் சிலர் இவ்வழக்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்பர். ஆயின் கப்பலேறிப் போன மகன் தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்கு அன்று வேறு வழி யாது? யார் வந்தார்கள், யார் வரவில்லை, சகோதரர் இருவரும் அன்றாவது அருகருகே நின்றார்களா என்பவற்றையெல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவர் அந்த ஒரு படத்திலே வாசித்து அறிந்தார். அதைப்போலக் கூர்ந்து ஆராயப்பட்ட படம் எமது அல்பங்களில் வேறில்லை.

இவ்வாறு பிரதிகளைப் பகிர்ந்து அனுப்பியோர் அன்பின் காரணமாகவே அனுப்பினர். பாதுகாப்பை எண்ணி அல்ல. ஆயின் பின்னர் நடந்தவற்றைப் பார்க்கையிலே, அனுப்பிய படங்கள் தப்பின, வைத்திருந்த படங்கள் போயின என்றே பல குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1983 ஜூலையிலே கொழும்பில் எரிந்த வீடுகளுக்குள் எத்தனை அல்பங்கள் இருந்தன என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபொழுது, காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் அரிசியையும் எடுத்தனர். அல்பம் கனமானது, மழையும் பெய்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்த கரைகளிலே, ஆட்களை இழந்தவர்கள் அவர்தம் முகங்களையும் சேர்த்து இழந்தனர். 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தோர் பலரிடம் உடுத்த உடையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

படங்களைக் கொடுத்து வைத்ததனால் அவை தப்பிய வரலாறு பெரியோரிடத்தும் உண்டு. நமது நாட்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞர் எனப் போற்றப்படும் லயனல் வென்ற் 1944ஆம் ஆண்டிலே காலமானார். அவரது நெகற்றிவ்கள் அதன்பின் அழிக்கப்பட்டன. அவர் தமது இருட்டறையிலே அச்சிட்டு வைத்த பிரதிகளும், 1950ஆம் ஆண்டிலே வெளிவந்த நூலுமே இன்று எஞ்சியுள்ளன. அவருக்கு முன், ஆங்கிலப் பெண்மணியான ஜூலியா மாகிறற் கமரன் 1864ஆம் ஆண்டிலே தமது படங்களை ஓர் அல்பமாகக் கட்டி நண்பர் ஜோன் ஹேர்ஷல் என்னும் விஞ்ஞானிக்கு வழங்கினார். படம் மங்காது நிலைநிற்க உதவும் ஹைப்போ என்னும் உப்பின் இயல்பைக் கண்டறிந்தவர் அந்த ஹேர்ஷலே. கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள தேவாலயத்திலே அவரது கல்லறை இருக்கின்றது.

எமது வீட்டு அல்பத்துக்கு நிகழ்ந்ததும் ஊரோடு ஒத்ததே. 1996இலே திரும்பி வந்து பார்த்தபொழுது கூரையிற் பாதி இல்லை. அலுமாரி நின்றது. அதன் உள்ளே, மழையும் கறையானும் சேர்ந்து செய்த மண்கட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து கறுப்பு மூலைத்துண்டு ஒன்றை மாத்திரம் எமது தாயார் பிரித்தெடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். அல்பத்திலே இருந்த பலரை நாம் வேறிடங்களில் மீண்டும் பெற்றோம். ஒருவரை மாத்திரம் பெறவில்லை. அவர் எமது பெரியம்மா. தாயாரின் ஒரே தமக்கை. 1959ஆம் ஆண்டிலே, 19 வயதிலே, நெருப்புக்காய்ச்சலினால் இறந்தவர். அப்பொழுது தாயாருக்கு வயது 12. ஆண்டுதோறும் திவசத்துக்கு ஒரு கும்பமும் விளக்கும் வைப்போம். படம் வைக்கும் இடம் வெறுமையாக இருக்கும்.

சென்ற ஆண்டு கோலாலம்பூரிலிருந்து ஒரு பொதி வந்தது. அம்மப்பாவின் தம்பியார் ஒருவர் மலாயா இரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து அங்கேயே காலமானவர். அவருடைய பேரப்பிள்ளைகள் பழைய பிஸ்கற் தகரம் ஒன்றிலே கண்டெடுத்த 11 படங்களை, "யாழ்ப்பாணத்து ஆட்கள் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பியிருந்தனர். அவற்றுள் ஒன்றிலே ஓர் இளம்பெண் வீட்டு முற்றத்திலே சேலை உடுத்து நிற்கின்றாள். தந்தித்தாள் அளவே உள்ள சிறு படமும் அன்று. அதனினும் சிறிது, உள்ளங்கைக்குள் அடங்கும். பின்புறத்திலே நீலமையில், "தங்கள் அன்பு மகள், 1957" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

தாயார் கண்டவுடன் "அக்கா" என்றார். சொல்லிவிட்டுப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

காரணம் ஒரு மச்சம். பெரியம்மாவுக்கு இடது கன்னத்திலே, வாய்க்கரையோரம், ஒரு மச்சம் இருந்தது. அதனை எமது தாயார் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றார். படத்திலுள்ள பெண்ணுக்கும் மச்சம் இருந்தது, வலது கன்னத்திலே. "தங்கள் மகள்" என்ற எழுத்தும் துணைசெய்யவில்லை. தமையன் மகளும் நம்மவர் முறைப்படி மகளே. அம்மப்பாவுக்கு ஊரிலேயே இன்னொரு தம்பியும் இருந்தார். அவருக்கும் அதே வயதிலே ஒரு மகள், அதே முகச்சாயலுடன். அப்பெண்ணும் இன்று உயிருடன் இல்லை. ஆதலால், இது அவளே என்று உறவினரில் ஒரு சாரார் தீர்த்துவிட்டனர். கனடாவிலிருந்து பேசிய ஒருவர், அவளுக்கு வலப்பக்கத்தில் மச்சம் இருந்ததாகத் தமக்கு நல்ல ஞாபகம் என்றும் சொன்னார். கேட்டபின் வரும் ஞாபகத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது எமக்கு ஐயமே.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமாக இருந்திருக்கலாம். ஆயின் யாருடைய படத்துக்கு மாலை போடுவது என்பது இதில் அடங்கியிருந்தது. வேறொருத்தியின் படத்தை வைத்து அக்காவுக்குப் படைக்க முடியாது என்று தாயார் கூறிவிட்டார். படம் உறைக்குள்ளே திரும்பிப் போயிற்று.

மாதங்கள் கழிந்தபின் ஒரு ஞாயிறு, மாமாவும் மாமியும் வந்திருந்தனர். மாமா எமது தாயாரின் தம்பி. மாமி நெடுங்காலம் தையல் ஆசிரியையாக இருந்தவர். பாய் விரித்தாயிற்று, தேநீரும் வந்தது, மலாயாப் படங்கள் கைமாறின. அந்தப் படம் மாமியின் கைக்கு வந்தபொழுது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உடையைத்தான் பார்த்தார். "மச்சாள், இந்தப் பிள்ளை ஏன் தலைப்பை வலத்தோளிலை போட்டிருக்குது?" என்றார்.

வடஇந்தியப் பாணியாக இருக்கலாம் என்றார் ஒருவர். "1957இலை, எங்கடை ஊர் முற்றத்திலை, வடஇந்தியப் பாணியோ?" என்று மாமி கேட்டதும் அவர் தேநீரைக் கவனிக்கத் தொடங்கினார். "கொய்யகமும் மற்றப்பக்கமாகச் சொருகியிருக்கு. ஆளைத் திருப்பி வைச்ச மாதிரி இருக்கு" என்று மாமி மேலும் சொன்னார்.

திருப்பி வைத்தது ஆளை அன்று, நெகற்றிவை. எமது அயலிலே முன்னர் ஸ்ரூடியோ நடத்திய முதியவர் ஒருவர் இருக்கின்றார். அவரை அழைத்துக் காட்டினோம். பிலிமுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பளபளப்பானது, மற்றது மங்கலானது. வெள்ளி உப்பும் ஜெலற்றினும் பூசிய முகம் மங்கலானது. நெகற்றிவைத் தாளோடு ஒட்ட வைத்து அச்சிடும்பொழுது, இந்த மங்கல் முகம் தாளின் பூசிய முகத்தைத் தொட வேண்டும். மாறி வைத்தால் வலம் இடமாகும், இடம் வலமாகும். அன்றியும், பிலிமின் தடிப்பு இடையிலே வருவதால் கோடுகளின் கூர்மையும் சிறிது குன்றும். மற்றப் பத்துப் படங்களையும் அருகில் வைத்துப் பார்த்த அவர், இது மாத்திரம் சற்று மங்கியிருப்பதை எமக்குக் காட்டினார். "ஸ்ரூடியோவிலை இப்பிடி வெளியிலை விடமாட்டம். இது வீட்டிலை போட்ட படம்" என்றார், சிறிது பெருமையோடு.

அப்பொழுதுதான் தாயார் வாய் திறந்தார். வீட்டிலே போட்டதுதான்; போட்டவர் தாய்மாமன், பெட்டிக் கமரா வைத்திருந்த ஆசிரியர். இரவுச் சாப்பாடு முடிந்தபின் அடுப்படியின் கதவை அடைத்து, யன்னலுக்குச் சாக்குக் கட்டி, விளக்கின்மேல் சிவப்புத் துணி சுற்றுவாராம். மூன்று பீங்கான் தட்டுக்களிலே மருந்து. ஒன்றிலே படம் தெளியும், நடுத்தட்டிலே அலசுவது, மூன்றாவதிலே ஹைப்போ. கிணற்றுத் தண்ணீரிலே கழுவிக் கொடியிலே தொங்கவிட்டால், எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு நீர் காய்ந்து வெள்ளைப் பொட்டுக்கள் விழும். அவற்றை ஈரப்பஞ்சினால் துடைப்பது பெரியம்மாவின் வேலை. வெளிச்சம் காட்டும்பொழுது உரத்து எண்ணுவது எமது தாயாரின் வேலை. "இருபது வரைக்கும் எண்ணவேணும். நான் பயத்திலை கெதியாய் எண்ணினால் படம் வெளிறிப் போகும் எண்டு மாமா பேசுவார்" என்றார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதையை நாம் எவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒரு படம் இருக்கவில்லை.

இதற்கிடையில் மாமாவின் பேரன் தன் கைத்தொலைபேசியிலே படத்தைப் பிடித்து, ஒரு விரல் தட்டலில் அதனை வலமிடமாக மாற்றிவிட்டான். தலைப்பு இடத்தோளுக்கு வந்தது. மச்சம் இடது வாய்க்கரைக்கு வந்தது. தாயார் அந்தச் சிறு கண்ணாடித்திரையை இரு கைகளாலும் வாங்கி நெடுநேரம் பார்த்திருந்தார். நாம் அழுகையை எதிர்பார்த்தோம். அவர் அழவில்லை. "அக்கா இவ்வளவு சின்னப் பிள்ளையோ?" என்று வியப்போடு கேட்டார். அவருடைய நினைவிலே அக்கா எப்பொழுதும் தம்மிலும் உயரமானவள், பெரியவள், தலைபின்னி விடுபவள். படத்தில் நிற்பவளுக்கோ 17 வயது. எங்கள் வீட்டிலே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பேத்தியிலும் இளையவள்.

படம் ஏன் மலாயாவுக்குப் போயிற்று என்பதும் அன்று வெளிவந்தது. அங்கே உத்தியோகம் பார்த்த ஒருவருக்குச் சம்பந்தம் பேசுவதற்காக அனுப்பியதாம். பேச்சு ஒப்பேறவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பும்படி எவரும் எழுதவுமில்லை.

அந்தப் படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டு வைத்துள்ளோம். எவ்வாறு பெருப்பிப்பது என்பதிலும் ஒரு விவாதம் நடந்தது. உள்ளவாறே வைப்போம், அதுதான் மாமா போட்ட படம் என்றார் ஒருவர். மாமி இணங்கவில்லை. சரியாகத் திருப்பியதே சுவரிலே இருக்கின்றது. மூலப்படம் உறையிலே பத்திரமாக இருக்கின்றது. அதன் பின்புறத்திலே, ஓரமாக, மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் எடுத்தவர் இன்னார் என்பதையும் எழுதினோம். பேனை மை நாளடைவில் முன்புறத்துக்கு ஊறும் என்று ஸ்ரூடியோ முதியவர் எச்சரித்திருந்தார். அவர் கூறிய வேறு சிலவும் வாசகருக்குப் பயன்படலாம். 1970களிலும் 80களிலும் பலர் வாங்கிய, பசை பூசிய தாளும் மேலே பிளாஸ்ரிக் உறையும் கொண்ட அல்பங்கள் படத்துக்கு நஞ்சு. பசை மஞ்சளிக்கும், படத்தைப் பிரித்தெடுக்கவும் விடாது. அக்காலத்து வர்ணப் படங்கள் பலவற்றில் நீலச்சாயம் முதலில் மங்குவதால் முகங்கள் சிவந்து போகின்றன. அவற்றை இப்பொழுதே பிரதி செய்துகொள்வது நன்று. வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடலாகாது, ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நல்ல நீரிலே மெல்ல அலசித் தனித்தனியே கொடியிலே தொங்கவிட வேண்டும். யப்பானிலே 2011 மார்ச் மாதத்துக் கடற்கோளின் பின், தொண்டர்கள் சேற்றிலிருந்து பொறுக்கிய படங்களை இவ்வாறு கழுவியே உரியவர்களிடம் சேர்ப்பித்தனர்.

பெருப்பித்த படத்திலே, சிறிதிலே எவரும் கவனிக்காத ஒன்று தெரிகின்றது. கீழ் ஓரத்திலே, படம் முடியும் இடத்திலே, பெரியம்மாவின் சேலையை ஒரு சின்னக் கை பற்றிக்கொண்டிருக்கின்றது. கையின் மீதி வெளியே. அது தம்முடைய கை என்கின்றார் எமது தாயார். பெண்பார்க்கும் படத்திலே வேறொருவரும் நிற்கக்கூடாது என்று தம்மை இழுத்துவிட்டார்களாம், தாம் விடவில்லையாம். மாமா இதனை ஒப்புவதாக இல்லை. பத்து வயதுப் பெட்டை சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளோ, அது அப்பொழுது ஆறு வயதான தமது கையே என்பது அவர் கட்சி. மணிக்கட்டிலே ஒரு மெல்லிய கோடு தெரிகின்றது. அது காப்பு என்கின்றார் தாயார். கோயிலிலே கட்டிய நூல் என்கின்றார் மாமா. மாமி பூதக்கண்ணாடியுடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.